பிபா சௌதுரி: துகளின் தடம் கண்ட அறிவியலாளர்

நுழையும்முன்

வானில் வெடித்துச் சிதறும் விண்மீனின் வரலாறும், ஒளிப்படத் தகட்டில் மயிரிழையினும் நுண்ணிதாய்ப் பதியும் ஒரு தடத்தின் வரலாறும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. அத்தகைய தடங்களைத் தேடி வாழ்நாள் முழுவதும் உழைத்த பெண் அறிவியலாளர் ஒருவர் நாம் வாழும் கொல்கத்தா நகரில் பிறந்தார். இந்நகரிலேயே ஆய்வைத் தொடங்கினார்; இந்நகரிலேயே அதை நிறைவு செய்தார். உரிய காலத்தில் உரிய புகழ் அவருக்கு வாய்க்கவில்லை. அவருடைய வாழ்வையும், அவர் ஆராய்ந்த துகள்கள் இன்றைய விண்மீன் ஆய்வில் பெற்றுள்ள இடத்தையும் இப்பாடத்தில் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

மாணவர்களே! சியால்தா இரயில் நிலையத்திலிருந்து வடக்கு நோக்கி ஆச்சாரிய பிரபுல்ல சந்திரர் சாலையில் சென்றால் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் ராஜாபஜார் அறிவியல் கல்லூரியைக் காணலாம். அதற்கு அருகிலேயே, ஜகதீச சந்திர போஸ் 1917ஆம் ஆண்டு நிறுவிய போஸ் ஆய்வு நிறுவனம் அமைந்துள்ளது. பேருந்தில் அப்பகுதியைக் கடந்து செல்லும் பல்லாயிரவருள், அவ்விரு கட்டடங்களிலும் கற்றும் ஆராய்ந்தும் வளர்ந்த பிபா சௌதுரியின் பெயரை அறிந்தோர் சிலரே.

பிபா 1913ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 3ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் பங்கு பிகாரி சௌதுரி மருத்துவர். ஹூக்ளி மாவட்டத்துப் பண்டார்ஹாட்டி என்னும் ஊரின் நிலக்கிழார் குடும்பத்தைச் சேர்ந்தவர். தாயார் ஊர்மிளா தேவி பிரம்ம சமாஜக் குடும்பத்தில் தோன்றியவர். பெண்கள் கல்வி கற்பதைப் பலர் விரும்பாத அக்காலத்தில், பெண்கல்வியைத் தம் கொள்கைகளுள் ஒன்றாகக் கொண்டிருந்தது பிரம்ம சமாஜம். சியால்தா நிலையத்தின் அருகிலுள்ள மருத்துவக் கல்லூரிக்குப் பெயர் தந்த மருத்துவப் பெருந்தகை நீல்ரதன் சர்க்கார் இக்குடும்பத்தின் நெருங்கிய உறவினர் ஆவார்.

இத்தகைய சூழலில் வளர்ந்த பிபா இயற்பியலில் பெருவிருப்பம் கொண்டார். ராஜாபஜார் அறிவியல் கல்லூரியில் பயின்று 1936ஆம் ஆண்டு முதுகலைப் பட்டம் பெற்றார். அவ்வாண்டு அங்கு இயற்பியலில் முதுகலை நிறைவு செய்த பெண் அவர் ஒருவரே.

ஆய்வுக்கூடத்தின் வாயில்

பட்டம் பெற்ற பின் ஆய்வில் ஈடுபட விழைந்த பிபா, பேராசிரியர் தேவேந்திர மோகன் போஸை அணுகினார். அவர் ஜகதீச சந்திர போஸின் மருமகன் முறையினர். பெண்களுக்கு ஏற்ற ஆய்வுப்பொருள் தம்மிடம் இல்லை என்று பேராசிரியர் முதலில் தயங்கினார் என்றும், பிபா தம் விருப்பத்தில் உறுதியாக நின்று இடம் பெற்றார் என்றும் அவர் வரலாற்றை ஆராய்ந்தோர் கூறுவர். 1938ஆம் ஆண்டு தேவேந்திர மோகன் போஸ் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநரானார். பிபாவும் அங்கே ஆய்வைத் தொடர்ந்தார். ஆசிரியரும் மாணவியும் அண்டக்கதிர்களைத் தம் ஆய்வுப்பொருளாகக் கொண்டனர்.

அண்டக்கதிர்கள் என்பவை யாவை? விண்வெளியிலிருந்து இரவும் பகலும் பூமியை நோக்கிப் பேராற்றலுடன் வந்துகொண்டிருக்கும் துகள்களே அவை. 1912ஆம் ஆண்டு விக்டர் ஹெஸ் என்பவர் பலூனில் உயரே சென்று இவை வானிலிருந்து வருவதை உறுதி செய்தார். இக்கதிர்கள் காற்று மண்டலத்தின் மேற்பகுதியிலுள்ள அணுக்களைத் தாக்குகின்றன. அத்தாக்குதலில் புதிய துகள்கள் பிறக்கின்றன. அவற்றுட் பல நொடிப்பொழுதினும் மிகக் குறைந்த காலமே வாழ்ந்து, வேறு துகள்களாகச் சிதைகின்றன. துகள்முடுக்கி என்னும் பெரும்பொறிகள் பரவாத அக்காலத்தில், புதிய துகள்களைக் காண விழைந்தோருக்கு வானமே ஆய்வுக்கூடமாக விளங்கியது.

எலக்ட்ரானைவிடப் பாரம் மிகுந்ததும் புரோட்டானைவிடப் பாரம் குறைந்ததுமான ஒரு துகள் இருத்தல் வேண்டும் என்று ஜப்பானிய அறிவியலாளர் யுகாவா 1935ஆம் ஆண்டு கணித்திருந்தார். இடைப்பட்ட நிறையுடையது ஆதலின் அத்தகைய துகளுக்கு மீசோட்ரான் என்றும், பின்னர் மீசான் என்றும் பெயர் வழங்கிற்று. அதன் நிறையைச் சரியாக அளப்பது அன்றைய அறிவியல் உலகின் பெருங்கேள்விகளுள் ஒன்று.

மலைமேல் வைத்த தகடுகள்

1938ஆம் ஆண்டு கல்கத்தாவில் இந்திய அறிவியல் மாநாடு நடைபெற்றது. அதில் கலந்துகொண்ட ஜெர்மானிய அறிஞர் வால்டர் போத்தே முதலானோருடன் உரையாடியதன் பயனாக, ஒளிப்படத் தகடுகளைக் கொண்டு துகள்களை ஆராயலாம் என்னும் எண்ணம் போஸுக்கும் பிபாவுக்கும் உண்டாயிற்று. பெரும்பொருட்செலவில் கருவிகள் வாங்க இயலாத நாட்டுக்கு அது மிகவும் ஏற்ற முறை. தகட்டிற்கு மின்சாரம் வேண்டா, காவல் வேண்டா. உயர்ந்த மலையில் வைத்துவிட்டுப் பல திங்கள் கழித்து எடுத்து வந்தால் போதும்.

டார்ஜிலிங்கிலும், ஏறத்தாழ 12,000 அடி உயரமுள்ள சந்தக்பூ மலையிலும் தகடுகள் வைக்கப்பட்டன. உயரம் மிகுந்த இடத்தில் காற்றின் அடர்த்தி குறைவு; ஆதலின் அங்கு வந்து சேரும் துகள்களின் எண்ணிக்கை மிகுதி. திங்கள் பல கழிந்தபின் தகடுகள் கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றைக் கழுவி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, அங்குலம் அங்குலமாக உற்றுநோக்கி ஆராய்ந்தார் பிபா. அது கண்ணையும் பொறுமையையும் ஒருங்கே சோதிக்கும் பணி.

தகட்டில் அவர் கண்டது என்ன? மின்னூட்டம் பெற்ற பாய்துகள் ஒன்று தகட்டின் மேற்பூச்சினூடே செல்லும்போது, வழியிலுள்ள வெள்ளி உப்பு மணிகளைத் தாக்குகிறது. தகட்டைக் கழுவியபின் அம்மணிகள் கரும்புள்ளிகளாய் வரிசையாகத் தோன்றும். அவ்வரிசையே துகளின் மறையாத் தடம். மணல்வெளியில் பதிந்த அடிச்சுவட்டைக் கொண்டு, சென்றவர் சிறுவரா பெரியவரா, நடந்தாரா ஓடினாரா என்று நாம் உய்த்துணர்கிறோம் அல்லவா? அதுபோன்றதே இதுவும். விரைந்து செல்லும் துகள் புள்ளிகளை இடைவெளிவிட்டுப் பதிக்கும். வேகம் குறையக் குறையப் புள்ளிகள் நெருங்கும். பாரம் குறைந்த துகள் அணுக்கருக்களின் அருகே செல்லும்போது எளிதில் திசை மாறும். பாரம் மிகுந்த துகள் பெரும்பாலும் நேரே செல்லும். புள்ளிகளின் நெருக்கத்தையும் தடத்தின் வளைவுகளையும் அளந்து துகளின் நிறையைக் கணக்கிடும் முறையை போஸும் பிபாவும் வகுத்தனர். எலக்ட்ரானைப் போல ஏறத்தாழ 200 மடங்கு நிறையுடைய துகள்களின் தடங்களை அவர்கள் கண்டறிந்தனர்.

இம்முடிவுகள் 1940 முதல் 1942 வரை இலண்டனிலிருந்து வெளிவரும் நேச்சர் இதழில் வெளியாயின. அப்போது பிபாவுக்கு முப்பது வயது நிரம்பவில்லை.

கைநழுவிய கண்டுபிடிப்பு

அக்காலத்தில் இரண்டாம் உலகப்போர் மூண்டிருந்தது. கிடைத்த தகடுகள் உணர்திறன் குறைந்தவை. விரைந்து செல்லும் துகள்களின் தடம் அவற்றில் தெளிவாகப் பதியாது. உணர்திறன் மிக்க தகடுகள் இருந்தால் முடிவுகளை ஐயமின்றி நிறுவலாம். போர்க்காலத்தில் அத்தகைய தகடுகள் இந்தியாவுக்கு வந்து சேரவில்லை. ஆய்வு அவ்வளவில் நின்றது.

போர் முடிந்தபின், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் சிசில் பவல் என்பவரும் அவர்தம் குழுவினரும் மேம்பட்ட தகடுகளைக் கொண்டு அதே வழியில் ஆராய்ந்தனர். பிரான்சின் பிரனீஸ் மலையிலும் தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலையிலும் தகடுகளை வைத்தனர். 1947ஆம் ஆண்டு உண்மை வெளிப்பட்டது. ஒன்றென எண்ணப்பட்ட மீசான் உண்மையில் இரண்டு துகள்கள். யுகாவா கணித்தது பையான். அது சிதைவதால் பிறப்பது மியுவான். இக்கண்டுபிடிப்பிற்கும், ஒளிப்படத் தகட்டு முறையை வளர்த்தமைக்கும் பவல் 1950ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். பின்னாளில் தாம் பிறருடன் எழுதிய நூலில், போஸும் சௌதுரியும் முன்னரே இவ்வழியைச் சுட்டிக்காட்டியதை அவர் குறிப்பிட்டார்.

இதனைக் கொண்டு, பரிசு பிபாவிடமிருந்து பறிக்கப்பட்டது என்று கூறுதல் பொருந்தாது. நல்ல தகடுகளைக் கொண்டு ஐயமின்றி நிறுவியவர் பவலே. எனினும் வழி கண்டவர், பொருள் இன்மையால் அவ்வழியின் எல்லையை எட்ட இயலாமற்போனார் என்பதும் உண்மையே. இவ்விரண்டையும் ஒருசேர நினைத்தலே நடுநிலை.

மான்செஸ்டர், பம்பாய், கோலார்

ஆய்வு நின்றதே என்று பிபா சோர்ந்துவிடவில்லை. 1945ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்று, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் பிளாக்கெட்டின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். பிளாக்கெட் 1948ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர். ஒரே ஓர் அண்டக்கதிர்த் துகள் காற்றில் மோதும்போது, பெருமழை போல எண்ணற்ற துகள்கள் பிறந்து பரந்த நிலப்பரப்பில் பொழிவதுண்டு. அவ்வாறான துகள்மழையைப் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார் பிபா. அந்நாட்டுச் செய்தித்தாள் ஒன்று இந்தியப் பெண் அறிவியலாளர் என்று அவரைப் பற்றிச் சிறப்பாக எழுதியது.

1949ஆம் ஆண்டு நாடு திரும்பிய பிபாவை ஹோமி பாபா தம் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் அமர்த்தினார். பம்பாயில் இயங்கிய அந்நிறுவனத்தின் முதற்பெண் ஆய்வாளர் அவரே. அங்கு எட்டாண்டுகள் பணியாற்றினார். பின்னர் விக்ரம் சாராபாய் நிறுவிய அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அந்நாளில் கோலார் தங்கவயலில் நடைபெற்ற அண்டக்கதிர் ஆய்விலும் அவர் பங்குகொண்டார்.

கோலார் தங்கவயல் தமிழர் வரலாற்றோடு இணைந்த இடம். வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் அச்சுரங்கங்களை ஆழமாக அகழ்ந்தனர். பொன்னுக்காக வெட்டிய சுரங்கம் பின்னர் அறிவியலுக்கும் பயன்பட்டது. மேலிருந்து வரும் துகள்களுள் ஏறத்தாழ அனைத்தையும் தடிமனான பாறை தடுத்துவிடும். ஆகவே நிலத்தின் ஆழத்தில் வேறெந்த இடையூறும் இன்றி அரிய துகள்களைத் தேடலாம். 1965ஆம் ஆண்டு இந்திய, ஜப்பானிய, பிரித்தானிய அறிவியலாளர் குழு ஒன்று, தரைக்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களின் அடையாளத்தைக் கண்டது. உலகில் முதன்முதலாக அவற்றைக் கண்டறிந்த ஆய்வுகளுள் அது ஒன்று.

அந்த நியூட்ரினோக்கள் எவ்வாறு பிறந்தன? அண்டக்கதிர் காற்றில் மோதப் பையான் பிறக்கிறது. பையான் சிதைந்து மியுவானும் நியூட்ரினோவும் ஆகின்றன. மியுவானும் சிதைந்து மேலும் நியூட்ரினோக்களைத் தருகிறது. பிபா தம் இளமையில் சந்தக்பூ மலையின் தகடுகளில் தேடிய துகட்குடும்பமே கோலாரின் ஆழத்தில் அடையாளம் காட்டியது.

வெடிக்கும் விண்மீனும் நியூட்ரினோவும்

விக்ரம் சாராபாய் 1971ஆம் ஆண்டின் இறுதியில் திடீரென மறைந்தார். ஆபு மலையில் துகள்மழையை ஆராயப் பிபா வகுத்திருந்த திட்டம் நிறைவேறவில்லை. அவர் விருப்ப ஓய்வு பெற்றுத் தாம் பிறந்த நகருக்கே மீண்டார். ஓய்வு என்பது ஊதியத்திற்கு மட்டுமே, ஆய்வுக்கு அன்று. சாகா அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தினரோடும், இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தினரோடும் இணைந்து ஆய்வைத் தொடர்ந்தார்.

அவர் கொல்கத்தாவில் எழுபத்து மூன்று வயதினராய் வாழ்ந்த காலத்தில், 1987ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23ஆம் நாள், வானியல் வரலாற்றில் சிறந்த நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. 1,60,000 ஒளியாண்டுகளுக்கும் அப்பால் பெரிய மெகல்லன் மேகம் என்னும் விண்மீன் கூட்டத்தில் ஒரு விண்மீன் வெடித்ததன் ஒளியும் நியூட்ரினோக்களும் பூமியை வந்தடைந்தன. இத்தகைய வெடிப்பைச் சூப்பர்நோவா என்பர்.

சூரியனைப் போல எட்டு மடங்குக்கு மேற்பட்ட நிறையுடைய விண்மீன் தன் எரிபொருளைத் தீர்த்தபின், அதன் நடுப்பகுதி இரும்பாகி நிற்கும். இரும்பிலிருந்து மேலும் ஆற்றல் பெற இயலாது. தன் எடையைத் தாங்க மாட்டாமல் அந்நடுப்பகுதி ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் உள்ளொடுங்கும். பூமியளவாக இருந்தது சில பத்துக் கிலோமீட்டர் அகலமாகச் சுருங்கும். அங்கே புரோட்டான்களும் எலக்ட்ரான்களும் இணைந்து நியூட்ரான்களாக மாறும். எண்ணிலடங்கா நியூட்ரினோக்கள் வெளிப்படும். வெடிப்பின் ஆற்றலில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை நியூட்ரினோக்களே சுமந்து செல்கின்றன. வானம் முழுவதும் ஒளிரும் காட்சி எஞ்சிய ஒரு பங்கினுள் அடங்கிவிடும்.

நியூட்ரினோ எதனோடும் எளிதில் மோதாத துகள். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் நம் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் வழியாகவும் விநாடிக்கு ஏறத்தாழ 6,000 கோடி கடந்து செல்கின்றன, நாம் அறிவதில்லை. ஆயினும் 1987ஆம் ஆண்டு, ஜப்பானின் காமியோகா சுரங்கத்தில் இருந்த 3,000 டன் நீர்த்தொட்டி, ஏறத்தாழ 12 விநாடிகளில் 11 நியூட்ரினோக்களைப் பதிவு செய்தது. அமெரிக்காவின் உப்புச் சுரங்கமொன்றில் 8 பதிவாயின; சோவியத் நாட்டில் 5 பதிவாயின. வெடிப்பின் ஒளி புலப்படுவதற்குச் சில மணிநேரம் முன்னரே இவை வந்துவிட்டன. விண்மீனின் உள்ளத்திலிருந்து நேரே வந்த முதற்செய்தி அது.

சிறு துகள் பெரு விண்மீனை ஆளுதல்

உள்ளொடுங்கிய விண்மீன் ஏன் வெடிக்கிறது? நடுப்பகுதியில் தோன்றும் அதிர்ச்சியலை வெளியே செல்லும் வழியில் வலுவிழந்து நின்றுவிடுகிறது. வெளியேறும் நியூட்ரினோக்களுள் சிறு பங்கு அங்குள்ள பொருளைச் சூடாக்க, அலை மீண்டும் எழுகிறது என்று அறிவியலாளர் விளக்குவர். எனவே, நடுப்பகுதியில் எந்தெந்தத் துகள்கள் உள்ளன என்பதைப் பொறுத்து விண்மீனின் முடிவே மாறக்கூடும்.

அந்நடுப்பகுதியின் வெப்பம் 10,000 கோடி பாகையையும் கடந்தது. அவ்வெப்பத்தில் மியுவான்கள் தோன்றும். கணினி வழியே வெடிப்பைக் கணக்கிட்ட அறிவியலாளர், மியுவான்களைச் சேர்த்துக்கொண்டால் நடுப்பகுதி மேலும் சுருங்கி, நியூட்ரினோக்களின் ஆற்றல் மிகுந்து, வெடிப்புக்குத் துணை கிடைப்பதாக 2017ஆம் ஆண்டு காட்டினர். அங்கே பையான்களும் தோன்றினால் என்ன நிகழும் என்பதும் இன்று ஆராயப்படுகிறது.

இன்னும் எவரும் காணாத புதிய துகள்களையும் இவ்வாறே சோதிக்கலாம். ஆக்சியான் என்பது அவ்வாறு கணிக்கப்பட்ட துகள்களுள் ஒன்று. அத்தகைய துகள் விண்மீனின் நடுவே மிகுதியாகப் பிறந்து ஆற்றலைச் சுமந்து வெளியேறினால், நடுப்பகுதி விரைவில் குளிர்ந்துவிடும். நியூட்ரினோ வரவும் விரைவில் நின்றுவிடும். 1987ஆம் ஆண்டில் வரவு பத்து விநாடிகளுக்கும் மேல் நீடித்தது. ஆகவே புதிய துகள் இருப்பினும் அதன் செயல் ஓர் எல்லைக்குள் அடங்கியதாகவே இருத்தல் வேண்டும். விரல்விட்டு எண்ணத்தக்க நியூட்ரினோக்களிலிருந்து பெற்ற பெரிய அறிவு இது.

மற்றுமொரு தொடர்பும் உண்டு. அண்டக்கதிர்களுள் பெரும்பகுதி, நம் பால்வெளியில் வெடித்த விண்மீன்களின் எச்சங்களில் விரைவூட்டம் பெற்று வருவதாக அறிவியலாளர் கருதுகின்றனர். 2013ஆம் ஆண்டு, ஃபெர்மி என்னும் விண்வெளித் தொலைநோக்கி, அத்தகைய எச்சங்கள் இரண்டிலிருந்து வந்த காமாக் கதிர்களில் பையான் சிதைவின் அடையாளத்தைக் காட்டியது. டார்ஜிலிங் மலைத்தகடுகளில் தடம் பதித்த துகள்களின் தொடக்கமும், வெடித்த விண்மீன்களாகவே இருந்திருக்கலாம்.

பெயர் பெற்ற விண்மீன்

பிபா சௌதுரி மணம் செய்துகொள்ளவில்லை. ஆய்வையே வாழ்வாகக் கொண்டார். இறுதிக்காலம் வரை ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். 1991ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 2ஆம் நாள் கொல்கத்தாவில் மறைந்தார். வாழ்ந்த நாளில் பெரிய தேசிய விருது எதுவும் அவரைத் தேடி வரவில்லை. நாட்டின் அறிவியல் கழகங்கள் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவுமில்லை. 2018ஆம் ஆண்டு வெளிவந்த வாழ்க்கை வரலாற்று நூல் ஒன்றே அவரை மீண்டும் பலரறியச் செய்தது.

2019ஆம் ஆண்டு, பன்னாட்டு வானியல் ஒன்றியம் விண்மீன்களுக்குப் பெயர் சூட்டும் வாய்ப்பை ஒவ்வொரு நாட்டுக்கும் அளித்தது. இந்தியாவின் பங்காக வந்த எச்.டி. 86081 என்னும் விண்மீனுக்குப் பிபா என்று பெயர் சூட்டப்பட்டது. அச்சொல் வங்கமொழியில் ஒளிக்கற்றை எனப் பொருள்படும். அதனைச் சுற்றிவரும் கோளுக்குச் சாந்தமாசா என்று பெயர். இவ்விண்மீன் சிம்ம மண்டலத்தின் தெற்கேயுள்ள செக்ஸ்டன்ஸ் என்னும் சிறுமண்டலத்தில் உள்ளது. வெறுங்கண்ணுக்குப் புலப்படாது, சிறு தொலைநோக்கியால் காணலாம். சூரியனை ஒத்த நிறையுடையது ஆதலின், அது நடுப்பகுதி ஒடுங்கி வெடிக்கும் வகையைச் சேர்ந்ததன்று. நெடுங்காலம் அமைதியாக ஒளிவீசும்.

ஓர் ஆய்வை முடிக்க இயலாமற்போவது அறிவியலாளர் பலருக்கு நேர்வதுண்டு. முடிக்க இயலாத ஆய்வும் செம்மையாகச் செய்யப்பட்டிருந்தால், பின்வருவோர் அதனைத் தொடர்ந்து செல்வர். பிபா சௌதுரியின் வாழ்வு நமக்கு உணர்த்துவது இதுவே.

காலவரிசை

1913 – கல்கத்தாவில் பிறப்பு
1936 – முதுகலைப் பட்டம்
1940–1942 – நேச்சர் இதழில் கட்டுரைகள்
1945 – மான்செஸ்டர் பயணம்
1949 – டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் பணி
1991 – மறைவு
2019 – விண்மீனுக்குப் பிபா என்னும் பெயர்

சொல்லும் பொருளும்

விழைதல் – விரும்புதல்
உய்த்துணர்தல் – குறிப்பால் அறிதல்
அகழ்தல் – தோண்டுதல்
சுவடு – அடையாளம்
திங்கள் – மாதம்
நடுநிலை – ஒருபால் சாயாமை

இலக்கணக் குறிப்பு

இரவும் பகலும் – எண்ணும்மை
பாய்துகள் – வினைத்தொகை
மறையாத் தடம் – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
உற்றுநோக்கி – வினையெச்சம்

பயிற்சி

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. பிபா சௌதுரி தம் ஆய்வுக்குப் பயன்படுத்திய கருவி
அ) பலூன் ஆ) ஒளிப்படத் தகடு இ) நீர்த்தொட்டி ஈ) துகள்முடுக்கி

2. சூப்பர்நோவா வெடிப்பின் ஆற்றலில் பெரும்பங்கைச் சுமந்து செல்வது
அ) ஒளி ஆ) புரோட்டான் இ) நியூட்ரினோ ஈ) எலக்ட்ரான்

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புக.

1. பையான் சிதைந்து ____________, நியூட்ரினோ ஆகியவை தோன்றுகின்றன.
2. ஆழத்தில் நியூட்ரினோ ஆய்வு நடைபெற்ற தங்கவயல் ____________ ஆகும்.

இ. பிரித்து எழுதுக.

1. பேராற்றல் 2. அண்டக்கதிர் 3. பொருட்செலவு 4. முதற்பெண்

ஈ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. தகடுகளை உயர்ந்த மலைகளில் வைத்ததன் காரணம் யாது?
2. போர்க்காலம் பிபாவின் ஆய்வை எவ்வாறு தடுத்தது?
3. நியூட்ரினோக்களைத் தேடச் சுரங்கத்தின் ஆழம் ஏன் வேண்டும்?

உ. ஒரு பத்தியில் விடை எழுதுக.

1. தடத்தைக் கொண்டு துகளின் நிறையை அறியும் முறையை விளக்குக.
2. புதிய துகள் ஒன்று இருந்தால் வெடிக்கும் விண்மீனின் நியூட்ரினோ வரவு எவ்வாறு மாறும்?

ஊ. சிந்தித்து எழுதுக.

பவல் பெற்ற பரிசு பற்றி நடுநிலையோடு நினைக்க வேண்டும் என்று பாடம் கூறுகிறது. இதனை நீ ஏற்கிறாயா? காரணங்களுடன் ஒரு பக்க அளவில் எழுதுக.

எ. செயல்பாடு

பெற்றோர் அல்லது ஆசிரியர் துணையுடன் ராஜாபஜார் பகுதிக்குச் சென்று அறிவியல் கல்லூரியையும் போஸ் ஆய்வு நிறுவனத்தையும் வெளியிலிருந்து பார்த்து வருக. நீ கண்டவற்றை ஊரிலுள்ள உன் தாத்தா பாட்டிக்குத் தமிழில் மடலாக எழுதி அனுப்புக.